தோளுக்குக் கீழே ஒரு புள்ளி

கொல்லிமலையில் மிளகு பறிப்பு தை மாதத்தில் சூடு பிடித்துப் பங்குனி வரை நீளும். மலையின் ஊர்ப்பகுதிகளை நாடு என்பார்கள். பைல் நாட்டிலும் சரி, மற்ற நாடுகளிலும் சரி, மிளகுக் கொடி பெரும்பாலும் சில்வர் ஓக் மரத்தில்தான் ஏறியிருக்கும். மரம் நெட்டையாக வளரும், கொடியும் விடாமல் கூடவே ஏறும். மூங்கில் ஏணியைச் சாத்தி மேலே போகிறவருக்கு ஒரு கை பிடிமானத்துக்கு வேண்டும். மறு கைதான் தலைக்கு மேலே நீண்டு சரங்களைக் கிள்ளிப் பையில் போட வேண்டும். இப்படியே பொழுது சாயும்வரை வேலை. மாலையில் இறங்கி வந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். தோள் மூட்டைத் தொட்டுக் காட்டுபவர்கள் குறைவு. மூட்டுக்குச் சற்றுக் கீழே, புஜத்தின் வெளிப்பக்கத்தில், மறு கையின் கட்டைவிரலை வைத்து “இங்கதான் குத்துது” என்பார்கள். கேட்கும்போதே அந்த விரல் அங்கே அழுத்தத் தொடங்கியிருக்கும்.

யாரும் சொல்லித் தராமல் விரல் போய் நிற்கும் அந்த இடத்துக்குச் சீன மருத்துவத்தில் பெயரும் எண்ணும் உண்டு. பீநாவ் என்பது பெயர், பெருங்குடல் 14 என்பது எண். நம் ஊர் அக்குபிரஷர் பயிற்சியாளர்கள் எல்.ஐ. 14 என்பார்கள். இந்த அத்தியாயம் அந்த ஒரு புள்ளியைப் பற்றியது. எங்கே இருக்கிறது, எப்படி அழுத்துவது, பழைய மருத்துவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள், அவற்றில் எதை இன்று எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று பார்ப்போம். உழைத்து நொந்த கைக்கு இது நல்ல துணை என்பது என் உறுதியான கருத்து. நொந்த கைக்கு மட்டும்தான் துணை என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

புள்ளி வந்த வழி

சீன மரபில் பெருங்குடல் நாளம் என்று சொல்லப்படும் பாதை ஆட்காட்டி விரலின் நகக்கண் ஓரத்தில் தொடங்குகிறது. முன்கையின் வெளிப்பக்கமாக ஏறி, முழங்கை, புஜம், தோள், கழுத்து வழியாகப் போய் மூக்கின் பக்கத்தில் முடிகிறது. அந்தப் பாதையில் இருபது புள்ளிகள் உள்ளன, அவற்றில் பதினான்காவது இது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபூ மி தொகுத்த அக்குபங்சர் நூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகம் 2008-இல் 361 புள்ளிகளுக்குப் பொதுவான இட அளவுகளை வெளியிட்டது. இங்கே நான் தரும் அளவும் அதில் உள்ளதுதான்.

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் தவித்த சீனாவுக்கு உதவ 1938-இல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சென்றார்கள். அவர்களில் சோலாப்பூர் கோட்னிஸின் பெயரைப் பலரும் அறிவார்கள். அதே குழுவில் இருந்த பிஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து, 1959-இல் கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். இந்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது 2019-இல்தான். ஊசியை விட்டுவிட்டு விரலால் அதே புள்ளிகளை அழுத்துவது அக்குபிரஷர். ஊசி பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். விரல் உங்களிடமே இருக்கிறது.

அழுத்தி நோய் தணிப்பது நமக்கும் புதிதல்ல. சித்த மருத்துவத்தின் தொக்கணம் ஒன்பது வகை, அதில் ஒன்று அழுத்தல். வர்ம மரபு உடம்பில் 108 இடங்களை எண்ணி, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று பிரித்து வைத்திருக்கிறது. விரலை எவ்வளவு ஆழம் அழுத்துவது என்பதற்கே கால் மாத்திரை, அரை மாத்திரை என்று அளவு வைத்தது அந்த மரபு. அளவு தப்பினால் கெடுதல் வரும் என்ற அந்த எச்சரிக்கையை இங்கே கடன் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சீனப் புள்ளியையும் வர்மத்தையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். இரண்டுக்கும் கணக்கும் நோக்கமும் வேறு. வர்மம் குருவிடம் கற்க வேண்டியது, புத்தகம் பார்த்துச் செய்யக் கூடாதது. வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முறைப்படி படித்தவர்களிடம் காட்டிக்கொள்ளலாம்.

இடம் பார்ப்பது

அளவு எப்போதும் வலி உள்ளவரின் விரலால்தான். தாத்தாவுக்குப் பேத்தி அழுத்தினாலும் தாத்தாவின் விரல் அகலமே கணக்கு. கட்டைவிரலின் அகலம் ஒரு பங்கு, நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம் மூன்று பங்கு.

வலிக்கிற கையை முழங்கையில் மடக்கி, உள்ளங்கை வயிற்றைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடிப்பில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் வெளிமுனைக்கும் அங்கே துருத்தி நிற்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அது பெருங்குடல் 11. அங்கிருந்து தோளை நோக்கி நேராக, நான்கு விரல் அகலம் ஒரு முறை, மறுபடி ஒரு முறை, அதற்கு மேல் ஒரு கட்டைவிரல். மொத்தம் ஏழு பங்கு. விரல் வந்து நிற்கும் இடத்தைச் சரிபார்க்க, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். இன்னொருவர் அதைக் கீழே அமுக்க, நீங்கள் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். தோளைப் போர்த்தியிருக்கும் முக்கோணத் தசை புடைத்துத் தெரியும். மேலே அகன்று, கீழே கூர்ந்து எலும்பில் போய்ப் பற்றும் தசை அது. அந்தக் கூர்முனைக்கு அருகே, தசையின் முன் ஓரத்தை ஒட்டினாற்போல் புள்ளி இருக்கும். அளவும் தசை முனையும் அரை விரல் முன்பின்னாக வந்தால் தசை முனையை நம்புங்கள்.

இடது கையில் இன்னோர் அடையாளமும் பலருக்கு உண்டு. பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசியை இந்தியாவில் இடது புஜத்தில், இந்தத் தசை முனையை ஒட்டித்தான் போடுகிறார்கள். அந்தச் சிறிய தழும்பு புள்ளிக்கு வெகு பக்கத்தில் இருக்கும். காசநோய்க்கு எதிரான ஊசி அது. அந்தத் தொடர்பைக் கீழே மறுபடி சொல்லும் அவசியம் வரும்.

அழுத்துவது

உட்கார்ந்து, வலிக்கிற கையை மடியில் ஒரு துண்டைச் சுருட்டி அதன்மேல் தளர்வாக வையுங்கள். தொங்கும் கையில் தசை இறுகியே இருக்கும், அதனால் தாங்கல் முக்கியம். மறு கையின் கட்டைவிரல் புள்ளியில், மற்ற நான்கு விரல்களும் புஜத்தின் பின்பக்கத்தைச் சும்மா அணைத்தபடி. மூச்சை விட்டுக்கொண்டே ஐந்து எண்ணும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எலும்பை நோக்கி அழுத்தத்தைக் கூட்டுங்கள். அழுத்திய இடத்தில் நோவு வேண்டும், ஆனால் முகம் சுளிக்கக் கூடாது. அந்த அளவிலேயே இருபது முப்பது எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல விடுங்கள். ஐந்தாறு முறை போதும், காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. வேலை முடிந்து குளித்த கையோடு செய்தால் இன்னும் நல்லது, சூடுபட்ட தசை இணங்கிக் கொடுக்கும். எண்ணெய் கட்டாயமில்லை, விரல் வழுக்காமல் இருப்பதுதான் வேண்டும். தேய்க்க விரும்பினால் அழுத்தி முடித்த பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள்.

மரபில் இதைத் தனியாக அழுத்துவதில்லை. இடம் பார்க்கத் தொட்ட முழங்கைப் பள்ளம், தோள்முனையின் முன்பள்ளம் இரண்டையும் சேர்ப்பார்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள்முனையில் இரண்டு குழிகள் விழும், முன்னால் உள்ளது பெருங்குடல் 15. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையையும் சிலர் சேர்ப்பார்கள். அது பெருங்குடல் 4. கர்ப்பிணிகளுக்கு அதை மட்டும் தொடக் கூடாது என்பது பழைய விதி. அதை மீறிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

புஜத்தின் பின்பக்கத்தை அணைத்த நான்கு விரல்கள் சும்மா இருக்க வேண்டும் என்றேன், அதற்கு அழுத்தமான காரணம் உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் பின்னுக்குத் தூக்கும் நரம்பு, புஜ எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, முழங்கைக்குச் சற்று மேலே வெளிப்பக்கத்துக்கு வருகிறது. எலும்போடு ஒட்டிப் போகும் நரம்பு என்பதால் பலமாக, நெடுநேரம் அழுத்தினால் நசுங்கும். நாற்காலிச் சட்டத்தில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கிப்போனவர்கள் காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் எழுந்திருப்பது இதனால்தான். முழங்கைக்கு நான்கு விரல் மேலேயுள்ள பெருங்குடல் 13-ஐப் பழைய சீன நூல்கள் ஊசி குத்தக் கூடாத இடமாகவே குறித்தன. ஆகவே மரக்கட்டை, கரண்டிக் காம்பு, முழங்கை எதையும் கொண்டு அழுத்தாதீர்கள். அழுத்தும்போது விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் விறுவிறுத்தால் உடனே விடுங்கள், இடம் தப்பியிருக்கிறது.

ஊசி குத்திய இடம், கட்டுப் போட்ட காயம், வீக்கம், எலும்பு முறிவு உள்ள கை அழுத்துவதற்கு இல்லை. தடுப்பூசி போட்ட புஜத்தையும் சில நாள் விட்டுவிடுங்கள், கைக்குழந்தையின் புஜத்தைத் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய் இணைப்பு வைத்தவர்கள், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியவர்கள் ஆகியோருக்கும் இது கூடாது.

சீன மரபில் இந்தப் புள்ளிக்குச் சூடு காட்டுவதும் உண்டு. மாசிபத்திரி இனத்துச் செடியின் இலைப் பஞ்சைக் கொளுத்தித் தோலுக்கு அருகே பிடிப்பார்கள். நம் கிராமங்களில் வலித்த இடத்தில் சூடு இழுக்கும் பழக்கம் ஏற்கெனவே செய்த கொடுமை போதும். இந்தப் பகுதியை முற்றாக விட்டுவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி அதே வெப்பத்தைப் புண்ணில்லாமல் தரும்.

ஏன் அங்கே வலிக்கிறது

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, தோள் மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் நாண்கள் எலும்புக் கூரைக்கு அடியில் உரசுகின்றன. நாள் முழுக்க உரசினால் அவை அழன்றுபோகும். ஆனால் அந்த நோவு மூட்டில் உணரப்படுவதைவிட, முக்கோணத் தசை முடியும் இடத்தில்தான் அதிகம் உணரப்படும். கோளாறு ஓரிடம், வலி ஓரிடம். மிளகு பறிப்பவர் காட்டும் இடமும் சீன மருத்துவர் குறித்த இடமும் ஒன்றாக அமைந்தது தற்செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன். வலி கூடும் இடத்தைக் கவனித்துக் கவனித்துத்தான் இப்படிப்பட்ட புள்ளிகள் பல வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அழுத்தினால் வலி குறைவதற்கு 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையும் அழுத்தமும் தண்டுவடத்துக்கு அனுப்பும் செய்தி, வலிச் செய்தி மூளைக்கு ஏறும் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. அடிபட்ட முழங்காலைக் குழந்தை தானாகத் தேய்த்துக்கொள்வதும் இதே கதைதான். இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு முக்கியமான பாடம். அழுத்தம் வலியைத் தணிக்கிறது, அழன்ற நாணைச் சரிசெய்வதில்லை. வலி தணிந்த அரைமணி நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கும். மறுபடி ஏணி ஏறினால் புண் ஆறாது.

அந்த நேரத்தில் இரண்டு பயிற்சிகள் செய்யுங்கள். முதலாவது, நல்ல கையை மேசையிலோ திண்ணையிலோ ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சிறு வட்டமாகவும் ஆட்டுவது. கை தன் எடையில் ஆட வேண்டும், தசையால் ஆட்டக் கூடாது. இரண்டாவது, சுவருக்கு எதிரே நின்று விரல்களால் சுவரில் ஏறுவது. இன்று எட்டிய உயரத்தில் கரியால் ஒரு கோடு போட்டு, நாளை அதைத் தாண்டப் பாருங்கள். வலி அதிகமானால் நிறுத்திவிடுங்கள். நோகும் தோளின்மேல் சரிந்து படுக்காதீர்கள், மல்லாந்து படுத்துப் புஜத்துக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை வையுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, அடிபடாமலே தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, சட்டை போடவும் தலை வாரவும் முடியாமல் போனால் அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். அவர்கள் புள்ளியைத் தேடும் முன் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கண்ணும் கண்டமாலையும்

பழைய நூல்கள் இந்தப் புள்ளிக்குச் சொல்லும் பயன்கள் தோள் வலி, கை தூக்க முடியாமை, கழுத்துப் பிடிப்பு, கண் நோய்கள், கண்டமாலை. முதல் மூன்றைப் பற்றி எனக்குத் தடையில்லை. கழுத்துப் பிடிப்பும் தோள் வலியும் பெரும்பாலும் சேர்ந்தே வருபவை.

கண்ணுக்கு எப்படிப் போனது? பாதை முகத்தில் முடிவதால், பாதையில் எங்கே அழுத்தினாலும் முகத்துக்குப் பயன் போகும் என்பது அந்த மரபின் கணக்கு. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ இந்தக் கணக்கை நம்பி ஒரு நாளும் கடத்தக் கூடாது. களத்தில் மிளகு மிதிக்கும்போதும் தூற்றும்போதும் தூசி விழுந்த கண்ணைச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். கருவிழியில் கீறல் விழுந்திருந்தால் அது புண்ணாகிப் பார்வையையே கொண்டுபோய்விடலாம். கண்புரையை எந்த அழுத்தமும் கரைக்காது, அதற்கு அறுவை ஒன்றே வழி.

கண்டமாலைதான் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. கழுத்தில் மாலைபோல வரிசையாகக் கட்டிகள் திரளும் நோய் அது. வலியில்லாததால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழங்காலத்தில் பச்சிலை, மந்திரிப்பு, சூடு, புள்ளி என்று எல்லாம் செய்து பார்த்தார்கள், ஏனென்றால் வேறு வழி இல்லை. இன்று வழி இருக்கிறது. நம் நாட்டில் நெடுநாள் கரையாத கழுத்துக் கட்டிக்குப் பெரிய காரணம் காசநோய். நுரையீரலைப் பிடிக்கும் அதே கிருமி கழுத்து நெறியையும் பிடிக்கும். இடது புஜத்தில் பிசிஜி தழும்பு இருப்பதால் இது வராது என்று நினைக்க வேண்டாம். அந்த ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பது, வாழ்நாள் முழுவதுக்குமான கவசம் அல்ல. கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நோய் தெரிந்துவிடும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் கரையாவிட்டால் அழுத்துவது, தேய்ப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போங்கள். புற்றுநோயும் கழுத்தில் கட்டியாகத் தலைகாட்டும் என்பது இன்னொரு காரணம்.

கைக்கு ஓய்வு தரும் மாற்றங்கள்

ஏணியை நகர்த்தச் சோம்பி எட்டிப் பறிக்கும் கடைசி இரண்டு சாண்தான் தோளைக் கெடுக்கிறது. ஏணியை நகர்த்துங்கள். சரங்கள் போடும் பையைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டுங்கள். பாதுகாப்பாக நிற்க முடிகிற உயரத்தில் கையை மாற்றிக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒரு முறை இறங்கிக் கையைத் தொங்கவிட்டு ஆட்டுங்கள். கொடி ஏறும் உயரத்தை மட்டுப்படுத்துவது பற்றித் தோட்டக்காரர் யோசிக்க வேண்டும். பறிப்பவரின் தோளுக்கும் உயிருக்கும் அது நல்லது.

பெண்களின் கை வலிக்கு மலையில் நெடுங்காலம் இன்னொரு காரணம் இருந்தது. சாமையையும் தினையையும் உரலில் இட்டு உலக்கையால் குத்தி உமி நீக்க வேண்டும். சிறு மணியில் இறுகிய உமி லேசில் போகாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலை ஊர்களில் மகளிர் குழுக்கள் மூலம் சிறுதானிய அரவை இயந்திரங்களை வைத்தது. உலக்கையைக் கையிலிருந்து எடுத்துவிட்ட அந்த இயந்திரம் தோள்களுக்குச் செய்த நன்மையை எந்தப் புள்ளியாலும் செய்ய முடியாது. வலிக்கு மருந்து தேடும்போது வலி தரும் வேலையை மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள்.

முடவாட்டுக்கால் பற்றி மலைக்கு வரும் எல்லோரும் கேட்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் கிழங்கு அது. மூட்டு வலிக்கென்று சூப் வைத்துக் குடிக்கும் வழக்கம் இங்கே பழையது. சூடாக, மிளகு தட்டிப்போட்டுக் குடித்தால் உடம்புக்கு இதமாக இருக்கும். அதைக் குடித்துவிட்டு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காட்டிலிருந்து வேரோடு பெயர்த்து மூட்டை மூட்டையாக இறக்கினால் கிழங்கும் மிஞ்சாது.

உடனே புறப்பட வேண்டியவை

இடது புஜத்தில் வலி வந்தால் முதலில் கையைத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது கூடி, கீழே வைத்தால் குறைந்தால் தோள் கோளாறாக இருக்கலாம். கை அசைவதற்குச் சம்பந்தமே இல்லாமல், மேடு ஏறும்போது வந்து, நின்றால் தணிகிற வலி இதயத்திலிருந்து வரலாம். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைவரை பரவும் இழுப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் புள்ளியைத் தேடாதீர்கள், 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சந்தேகம் இருந்தாலும் கூப்பிடுங்கள்.

ஏணியிலிருந்து விழுந்து இடது விலாவிலோ வயிற்றிலோ அடிபட்டவர், தோளில் அடிபடாமலே “இடது தோள் வலிக்குது” என்றால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசியலாம். பார்க்க நன்றாகவே இருப்பார், பேசுவார், தண்ணீர் கேட்பார். அவரைப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாவிட்டாலோ, தோள் வடிவம் மாறியிருந்தாலோ, மணிக்கட்டு தொங்கினாலோ யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது.

மலைக்குள் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடிவாரத்திலுள்ள காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும். அந்தத் தொலைவைக் கணக்கில் வைத்து முடிவைச் சீக்கிரம் எடுங்கள். வேலை அசதியால் வந்த சாதாரணக் கை வலிக்கு, அழுத்தமும் ஓய்வும் பயிற்சியுமாக இரண்டு வாரம் கொடுக்கலாம். அதற்குள் குறையவில்லை என்றால் பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.